தண்ணி நேரம்

வெளிநாட்டில் வந்து இறங்கி ஒரு நாள் முழுசாக ஆகிவிட்டது. கணக்குப்பிள்ளை இன்னும் ஓர் இடத்தில் உட்கார்ந்தபாடில்லை. ஹோட்டல் அறையில் கட்டில் இருந்தது, நாற்காலி இருந்தது, ஜன்னலோரம் சாய்ந்துகொள்ள ஒரு மெத்தைப் பலகைகூட இருந்தது. மனுஷன் மூன்றையும் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கையில் போன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவிக்கு அந்த உதட்டசைவு அத்துப்படி. பாட்டு வரிசையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறார்.

"கொஞ்சம் உக்காருங்களேன். பாக்கறதுக்கே எனக்குக் கால் வலிக்குது."

"உக்காந்துதானே இருக்கேன்" என்றார், நடந்தபடியே.

கணக்குப்பிள்ளை என்பது அவர் தொழில் அல்ல. தொழிலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஹோட்டல் லிஃப்டில் ஏறினதும் ஏறாததுமாக, "பேரிங் போயிடுச்சு, இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசு" என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்மணியிடம் தமிழிலேயே சொல்லி மிரள வைத்தவர். கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவருடைய ரசிகர் கூட்டம்.

ஒரு ராக் இசைக்குழு. அதில் வாசிக்கிற நாலு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ரசிகர்களுக்கு மட்டும் இன்னமும் "நம்ம பசங்க". இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்துவிட்டு, பசங்கள் நாடு நாடாகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வந்தது என்று போனில் கூடி அலசுவதற்கென்றே ஒரு குழு. அடுத்த ஊரில் என்ன வரிசை வரும் என்பதை முன்கூட்டியே சொல்வதில் நம்மவர் கெட்டிக்காரர். அதனால்தான் அந்தப் பெயர்.

அங்கே ராத்திரி கச்சேரி நடக்கும்போது இவர்கள் வீட்டில் காலை. தட்டில் வைத்தது ஆறிப்போகும். "ஆறாவது பாட்டை மாத்திட்டானுங்க" என்று எழுந்து பால்கனிக்குப் போவார். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறபோதும் சட்டைப் பையில் போன் துடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் இந்தக் கவனத்தில் விரல் நசுங்கி வந்தார். அன்றைக்கு அவள் அழவில்லை, கத்தவில்லை. கட்டுப் போட்டுவிட்டு, "அந்தப் பாட்டை ஒரு தடவை பாடித் தொலைச்சா என்னவாம் அவனுங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பாட்டு என்றால் ஒரே பாட்டுதான். நிஜப் பெயர் வேறு ஏதோ. இந்தக் கூட்டம் அதைத் 'தாழ்ப்பாள்' என்று கூப்பிடும். யாரோ வெளியே நின்று தாழ்ப்பாளைத் தட்டித் தட்டிப் பார்க்கிற மாதிரி, கிதாரில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப விழுந்து அது ஆரம்பிக்கும். அதன் மூன்றாவது சரணத்தை இசைத்தட்டில் பாடியது பாடகரின் தம்பி; அதற்குப் பிறகு வரும் கடைசி வரியை மட்டும் பாடகர் பாடி முடிப்பார். தம்பி இறந்த பிறகு பாடகர் அதை மேடையில் தொட்டதே இல்லை. கல்யாணம் ஆன புதிதில் கணக்குப்பிள்ளை ஆசை ஆசையாக, பஸ்ஸில் ஒரு காதுக்கு அவர், ஒரு காதுக்கு அவள் என்று இயர்போனைப் பங்கு போட்டு அதைக் கேட்க வைத்தார். அவள் பாதியில் தூங்கிவிட்டாள். அதை இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

ஒரே ஒரு தடவை அதை நேரில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அவர் கேட்டுவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கேட்டுவிட்டால் ஒருவேளை மனுஷன் அடங்குவார், தட்டில் வைத்ததைச் சூடாகச் சாப்பிடுவார் என்று அவள் நம்பினாள். தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லீவு சொல்லி, தன் சேமிப்பையும் சேர்த்துக்கொண்டு அவள் கூடவே புறப்பட்டு வந்தது அதற்காகத்தான். வந்து இறங்கிய ஊரில் கடைசி நாளன்று ராத்திரிக் கச்சேரிக்கு டிக்கெட் நொடியில் தீர்ந்துபோய், மதியம் இன்னொன்று கூட்டியிருந்தார்கள். இவர்களுக்குக் கிடைத்தது மதியம்.

கச்சேரி மைதானத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரை முதல்முறையாக நேரில் பார்த்தார்கள். ஒருவர் அந்த ஊரிலேயே மருந்துக்கடை வைத்திருப்பவர். குழுவில் அவர் பெயரும் மருந்துக்கடைதான். இன்னொருவர் கணக்கு டீச்சர். குழுவின் சட்டதிட்டமெல்லாம் டீச்சர் கையில். நம் ஆட்களில் ஒருவராவது நேரில் கேட்டுச் சாட்சி சொன்னால்தான் குழுவின் வரிசையில் பாட்டு ஏறும், வீடியோவெல்லாம் செல்லாது. இது டீச்சர் போட்ட சட்டம்.

காப்பி வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"ஆறாவதா 'நீல மழை' போடறதே தப்பு. கூட்டம் சூடாகி வர்ற நேரத்துல கொண்டுபோய்த் தாலாட்டுப் பாடறானுங்க" என்றார் மருந்துக்கடை.

"தொண்டைக்கு ஓய்வு வேண்டாமா? போன ஊர்ல அதைத் தூக்கிட்டு 'ஏழாம் மாடி' போட்டாங்க, கடைசிப் பாட்டுல குரல் உடைஞ்சுதா இல்லையா?" என்று டீச்சர் மடக்கினார்.

"உடையல. அது மைக்."

"மைக்காம் மைக். நான் அங்க இருந்தேன், நீங்க கடையில இருமல் மருந்து வித்துட்டு இருந்தீங்க."

கணக்குப்பிள்ளை சர்க்கரைப் பொட்டலங்களை மேஜையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றும் ஒரு பாட்டு. ஒன்பதாவதைத் தனியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். "இது தனி ஆவர்த்தனம். எந்த ஊர்லயும் இது மட்டும் மாறினதில்லை. எட்டு நிமிஷம் டிரம்ஸ் மட்டும். அதுதான் நம்ம தண்ணி நேரம்."

தண்ணி நேரம் என்றால் என்ன என்று மருந்துக்கடை அவளுக்கு விளக்கினார். "விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் அப்பதான் அண்ணி எழுந்து போவோம். தண்ணி, பாத்ரூம் எல்லாம் முடிச்சுட்டு, பத்தாவதுக்குக் கரெக்டா வந்து நிப்போம். தெரியாதவங்க பாவம், நல்ல பாட்டு நடுவுல எழுந்து போவாங்க."

அவள் அந்த நிமிர்ந்த பொட்டலத்தையே பார்த்தாள். "ராத்திரி வேற ஒண்ணு இருக்கே. அந்த வயசுல மனுஷன் ஒரே நாள்ல ரெண்டு தடவை அப்படி அடிச்சா கை என்னத்துக்கு ஆகும்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, அன்பாகத்தான். "அவர் இரும்புக் கை அண்ணி" என்றார் மருந்துக்கடை. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கச்சேரி வெயிலில் ஆரம்பித்தது. பொறுப்பான ஆள் என்று நாலு பேர் டிக்கெட்டும் அவள் கைப்பையில் கொடுக்கப்பட்டிருந்தது. கூட்டத்தில் பிக்பாக்கெட் இருக்கும் என்று கணக்குப்பிள்ளை தன் போனையும் அதிலேயே போட்டுவிட்டார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவள் காதில் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாடுகிற பாட்டை அவர் எங்கே கேட்டார்? வரப்போகிற பாட்டிலேயே நின்றார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். நம்மவருக்கு அப்படி ஒரு நிமிஷம் வாய்க்கக் கூடாதா என்றிருந்தது.

எட்டாவது முடிந்தது. மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"உனக்குத் தண்ணி மட்டும் போதுமா?"

"போதும். சீக்கிரம் வாங்க."

"எட்டு நிமிஷம் இருக்கு" என்று படியிறங்கிப் போனார்.

மேடையில் டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார். எழுந்தார். மணிக்கட்டைத் தேய்த்தபடி ஓரமாகப் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். யாரோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நடுவில் போட, பாடகர் அதில் அமர்ந்தார். கிதாரில் ஒரே சுரம் விழுந்தது. மறுபடி விழுந்தது. மறுபடியும்.

பாதியில் தூங்கியவள்தான், ஆனாலும் அந்தத் தட்டலை வருஷக்கணக்காகப் பக்கத்து அறையிலிருந்து கேட்டவள். தாழ்ப்பாள்.

தன் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். மணி அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது. மற்ற இரண்டு பேர் நம்பரும் அவளிடம் இல்லை. பையைத் திறந்தால் போனுக்குப் பக்கத்தில் நாலு டிக்கெட். டிக்கெட் இல்லாமல் உள்வாசலில் விடமாட்டார்கள். ஓடிப்போய் இழுத்து வரலாம் என்று எழுந்தாள். வரிசை முழுக்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், கீழே படி படியாக ஆட்கள். இவர்களைத் தாண்டி இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். அப்புறம் நாலு பேரில் ஒருத்தர்கூடக் கேட்டிருக்கமாட்டோம்.

பாவி மனுஷா, இதுக்குன்னுதானே கடல் தாண்டி வந்தோம் என்று மனதுக்குள் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு நின்றாள். போனைத் தூக்கிப் படம் பிடிக்கவும் தோன்றியது. சின்னத் திரையைப் பார்த்தால் மேடையைப் பார்க்க முடியாது. போனைப் பையில் போட்டுவிட்டாள். தினமும் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடித் தகட்டில் ரத்தத் துளியைப் பார்க்கும்போது எப்படி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எதையும் விடாமல் பார்ப்பாளோ, அப்படி அந்தப் பாட்டைக் கேட்டாள். அவருக்காகக் கேட்டாள். ஒரு வரிகூடச் சிந்தக் கூடாது.

பாட்டு முடிந்து, கைதட்டலும் ஓய்ந்து, பத்தாவது பாட்டு பாதி நடக்கும்போது மூவரும் வந்தார்கள். வாசல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கடைசியில் மேலதிகாரி வந்து உள்ளே விட்டிருக்கிறார். மருந்துக்கடையின் சட்டையெல்லாம் தண்ணீர். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளை அவள் பக்கத்தில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் அந்தத் தட்டல் மட்டும் கேட்டுச்சு" என்றார். "அப்புறம் கூட்டம் கத்தின சத்தம்தான்."

மீதிக் கச்சேரியில் அவர் அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மறுபடியும் அதே காப்பிக் கடை. மருந்துக்கடை அதற்குள் போனில் மூன்று வீடியோ கண்டுபிடித்து நீட்டினார். கணக்குப்பிள்ளை கையால் தள்ளிவிட்டார். "வீடியோவுல பாக்கறதுக்கு நான் வீட்டுலயே இருந்திருக்கலாமே."

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாட்சி இல்லாம வரிசையில ஏத்த முடியாது. நம்மள்ல கேட்டது இவங்க ஒருத்தர்தான். அதனால இவங்களையும் இப்பவே குழுவுல சேர்த்தாச்சு." அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. எந்த கிதார்? வேகம் ரெக்கார்டுல உள்ளதா, இறக்கினதா?"

"எந்த கிதார்னெல்லாம் தெரியலைங்க. ஸ்டூல்ல உக்காந்து பாடினார். இடது கால் மட்டும் ஆடிட்டே இருந்துச்சு."

"மூணாவது சரணம்?" இதைக் கேட்டது மருந்துக்கடை. குரல் தணிந்திருந்தது. "தம்பியோட சரணம். அதைப் பாடினாரா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "அதை மட்டும் அவர்கிட்ட சொல்றேன். மத்தவங்களுக்கு நாளைக்கு" என்றாள்.

சாயங்காலம் அறைக்குப் போகலாம் என்றால் அவர் கேட்கவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்தார். அவளும் கூட நடந்தாள். இரண்டாவது கச்சேரி ஆரம்பித்துவிட்டது. டிக்கெட் கிடைக்காத கொஞ்சம் பேர் மதிலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களும் குப்பைத்தொட்டிக்கும் சைக்கிள் பூட்டி வைக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் இடம் பார்த்து நின்றார்கள்.

"இப்பவும் பாடுவாரா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

எட்டாவது பாட்டு முடிந்தது. அவர் மதிலில் உள்ளங்கையை வைத்தார். லிஃப்ட் கதவில் வைத்துப் பார்ப்பாரே, அப்படி. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு டிரம்ஸ் இடித்தது. தனி ஆவர்த்தனம். ராத்திரிக்காகத்தான் மதியம் கையைச் சேமித்திருக்கிறார் அந்த மனிதர்.

கணக்குப்பிள்ளையின் தோள் இறங்கியது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "நான் போய்த் தண்ணி வாங்கிட்டு வரட்டா?"

"போகாத" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எட்டு நிமிஷம் இருக்கே."

"இருக்கட்டும். போகாத."

அவள் நின்றாள். அவளுக்குப் பாடத் தெரியாது. குளியலறையில்கூட முணுமுணுத்ததில்லை. அவர் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோய், மதிலில் விரல் கணுவால் தட்டினாள். ஒரு தட்டு. மறுபடி ஒன்று. மறுபடியும். பிறகு ஆரம்பித்தாள். வார்த்தைகள் அவளுக்குப் பாதிதான் தெரியும். தெரியாத இடத்தில் மெட்டை மட்டும் இழுத்தாள். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கம்மியது. யார் தப்பாகப் பாடினாலும் பாதியிலேயே திருத்துகிற மனுஷன், ஒரு சொல் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதல் சரணம் போயிற்று, இரண்டாவது போயிற்று. மூன்றாவது வந்ததும் அவள் நிறுத்தினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "ஏன்?"

"அவரும் பாடலை. கிதார் மட்டும் போச்சு. அவர் வாயை மூடிட்டு அந்தச் சரணம் முடியற வரைக்கும் பக்கத்துல இருந்த காலி இடத்தையே பாத்துட்டு இருந்தார். அந்த நேரம் மட்டும் கால் ஆடலை. கூட்டத்துல ஒரு சத்தம் இல்லை."

கணக்குப்பிள்ளை தலையாட்டினார். அந்தச் சரணம் எவ்வளவு நீளம் என்பது அவருக்குத் தெரியும். மதிலுக்கு அப்பால் டிரம்ஸ் முழங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் நின்றார்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, போனை எடுக்கவில்லை, கால்கூட மாற்றி வைக்கவில்லை. அப்புறம் அவள் கையை விடாமலேயே, "கடைசி வரியைப் பாடு" என்றார்.