கணினிக்குப் பொன்னாடை

எங்கள் அலுவலகக் கணினி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பணி ஓய்வு பெறுவதாக இருந்தது. அதன் பாகம் என்ற முறையில் நானும் ஓய்வு பெறுவதாக இருந்தேன். எனக்கு வயது முப்பத்தேழு.

இது பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஆரம்பித்தது. நிழல் அளவை அலுவலகத்துக்குக் கணினி வாங்க அனுமதி வந்தது. அதை இயக்க ஆள் போட அனுமதி வரவில்லை. ஆள் இல்லாமல் கணினி ஓடாது. ஆகவே இருப்புப் பதிவேட்டில் திரை ஒன்று, பெட்டி ஒன்று, கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று என்று எழுதிய ஸ்டோர் கீப்பர் மீரான், ஐந்தாவது வரியில் 'வைகுண்டமணி ஒன்று' என்று எழுதிவிட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் என்னை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றுதான் இருந்தேன். டிக் அடித்துவிட்டுப் போனார்கள்.

என் முதுகில் வெள்ளை பெயிண்டில் நி.அ./கணினி/5 என்று எழுதியிருக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு எனக்கும் வைப்பார்கள். அன்று முழுவதும் என்னை யாரும் தொடக் கூடாது. பொரியை எட்ட நின்று போடுவார்கள்.

மற்றபடி நல்ல வேலை. ஊழியர்கள் ஊர்க்காரர்களின் நிழலை அளந்து வருவார்கள். நான் நீளம், அகலம், கருமை என்று கணினியில் ஏற்றுவேன். உச்சிவேளையில் வேலை இருக்காது.

இப்போது கைபேசி வந்துவிட்டது. இயக்குநர் பொற்செழியன் அதைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தார். இனி அலுவலகமே இதற்குள்தான் என்றார். எட்டிப் பார்த்தோம். உண்மைதான். உள்ளே எங்கள் வராண்டா தெரிந்தது. குடிதண்ணீர்ப் பானை தெரிந்தது. டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்.

"மேசைக் கணினியின் யுகம் முடிந்தது," என்றார் இயக்குநர். "இது நம் கையோடு வரும். அது வருமா?"

கணினி பதில் சொல்லவில்லை. அது திறக்கவே பதினோரு நிமிடம் ஆகும்.

நான் மீரானிடம் போனேன். அவர் ஏலப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு ஏலம்வே," என்றார். "ஒடஞ்ச நாற்காலி ரெண்டு, சீலிங் ஃபேன் ஒண்ணு, கணினி செட்டு ஒண்ணு. நீரு செட்டுல வாரீரு."

"என்னய மட்டும் பிரிச்சு எடுக்க முடியாதா பாய்?"

"செட்ட ஒடச்சா எவன்வே கேப்பான்?"

"வீட்டுல பொண்டாட்டி இருக்கா."

"அவ வந்து ஏலம் கேக்கட்டும். யாரு வேண்டாம்னா? அடையாள அட்டைய மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லும்."

பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். படிவம் பதினாறு என்று ஒன்று இருக்கிறது. தான் ஓர் உதிரிபாகம் அல்ல என்று தானே அளிக்கும் உறுதிமொழி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அது ஏறிவிட்டால் பதிவேட்டில் என் வரியை அடித்துவிடலாம்.

"இனிமே எல்லாம் போன்லதான்," என்றார். "ஈசி."

கைபேசி வெள்ளிக்கிழமை மூன்றரைக்குத்தான் என் கைக்கு வந்தது. படிவம் பதினாறைத் தொட்டேன். ஒரு வரி வந்தது. 'இப்படிவம் கைபேசியில் திறக்காது. மேசைக் கணினியில் முயலவும்.'

மீரானிடம் காட்டினேன்.

"அப்ப கணினில போடும்," என்றார்.

அதற்குள் நான்கு மணி ஆகி, பாராட்டு விழா தொடங்கிவிட்டது. இயக்குநர் கைபேசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறினார். கணினிக்கு மாலை போட்டார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலைப் படித்தார்கள். பத்து வருடமாக அதன் தலையில் அடித்தே வேலை வாங்கிய தலைமை எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் சரிகைப் பொன்னாடை ஒன்றைத் திரைமேல் போர்த்தினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கணினி ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை," என்றார். ஏழு மாதம் ரிப்பேரில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"பாய், பொன்னாடைய எடுக்கணுமே."

"போத்துன பொன்னாடைய எடுத்தா மரியாதக் கொறவு. உள்ள நொழையும்."

நுழைந்தேன்.

பொன்னாடை வெளியே பார்ப்பதைவிட உள்ளே நீளம். இரண்டு பக்கமும் சரிகைச் சுவர். கால் மணி நேரம் நடந்தேன். நடுவில் ஒரு வளைவில் ஜவுளிக்கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. கடைசியில் எங்கள் கணினி இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தட்டச்சுப் பொறியும், அதன் முன் கண்ணாடி போட்ட ஓர் அம்மாளும் இருந்தார்கள்.

"யாரு, கணினியா?" என்றார்.

"கணினி அஞ்சு."

"நான் தட்டச்சு மூணு. எஸ்தர். கணினி வந்த அன்னைக்கு எங்களுக்கும் பொன்னாட போத்துனாங்க. அப்ப உள்ள வந்தவதான்."

"பதினாலு வருசமா வெளிய வரலியா?"

"பேச்சு முடியலியே தம்பி. நடுவுல எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

கேட்டேன். தூரத்தில் பழைய இயக்குநரின் குரல் கேட்டது. 'இறுதியாக ஒன்று' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கணினியைப் போட்டேன். பதினோரு நிமிடம் காத்திருந்தேன். படிவம் பதினாறு திறந்தது.

பெயர் எழுதினேன். 'தங்களைக் கடைசியாகத் தூசி தட்டிய தேதி?' இன்று காலை. 'தங்களை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் சரியாகிறீர்களா?' ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும்.

அடுத்தது 'நான் எந்திரம் அல்ல' என்ற கட்டம். ஆட்டோ உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஒன்பது படம். தேர்ந்தெடுத்தேன். தாங்கள் எந்திரம் என்றது. மறுபடி தேர்ந்தெடுத்தேன். இன்னும் எந்திரம்தான் என்றது.

"அந்த மூணாவது ஷேர் ஆட்டோலா," என்றார் எஸ்தர்.

"அது ஆட்டோவா, இல்லையா?"

"ஏறுத ஆளப் பொறுத்து."

அவரே மவுஸை வாங்கி அழுத்தினார். எடுத்துக்கொண்டது. ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. ஓடிபி அலுவலகக் கைபேசிக்குப் போயிருந்தது. கைபேசி மேடையில் இருந்தது. மணி நான்கு ஐம்பத்திரண்டு.

உள்ளே வரத்தான் கால் மணி நேரம். வெளியே தலையை நீட்ட ஓர் எட்டுதான். பொன்னாடைக் கரையைத் தூக்கினேன். முன்வரிசையில் மீரான் மிக்சர் தின்றுகொண்டிருந்தார்.

"பாய், ஓடிபி."

அவர் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார். இயக்குநர் வாங்கிப் படித்தார். "ஓடிபி வேண்டும் என்கிறார் ஓர் அன்பர். இன்றைய உலகில் யாருக்குத்தான் வேண்டாம்?" கைதட்டல். கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

"ஏழு," என்றார். "ஏழு என்றால் சாதாரணமா? ஏழு சுரம். ஏழு கடல். வாரத்துக்கு ஏழு நாள், அதில் நமக்கு ஐந்து." கைதட்டல். "அடுத்து நான்கு. திசைகள் நான்கு. நாற்காலிக்குக் கால் நான்கு. அந்த நாற்காலியில் அமர்ந்து நான் ஆற்றிய பணியை நானே சொல்லக் கூடாது." சொன்னார். மூன்றுக்கு முத்தமிழ். நிறைவாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒன்று. நாம் அனைவரும் ஒன்று."

உள்ளே வந்து 7431 என்று போட்டேன். தவறு என்றது. இன்னும் ஒரு முறைதான் என்றது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"கடைசில என்ன சொன்னாரு?" என்றார் எஸ்தர்.

"ஒண்ணு."

"பூஜ்யமா இருந்திருக்கும். சபைல பூஜ்யத்துல முடிக்க மனசு வந்திருக்காது. மொய்க்கு வைக்கிற மாதிரி ஒண்ணு கூட்டிருப்பாரு. கொறச்சுப் போடும்."

7430 போட்டேன். 'வைகுண்டமணி என்பவர் கணினியின் பாகம் அல்லர்' என்று வந்தது.

எஸ்தர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கும் ஒரு படிவம் போடட்டுமாக்கா?"

"என்னுது டைப் அடிச்சுத்தான் குடுக்கணும். ரிப்பன் தீந்து போச்சு," என்றார். "நீரு கெளம்பும். இங்க டீ நல்லாத்தான் இருக்கு."

வெளியே வந்தேன். மீரான் பதிவேட்டில் என் வரியைச் சிவப்பு மையால் அடித்தார். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இப்ப நீரு எதுலயுமே இல்லியேவே."

"நல்லதுதான பாய்?"

"ஏட்டுல இல்லாத சாமான் ஆபீஸ்ல கெடந்தா என் சீட்டுலா கிழியும்? வெளிய போயி நில்லும்."

அப்போது இயக்குநர் மேடையிலிருந்து இறங்கினார். கைபேசியில் எழுத்து பொடியாக இருக்கிறது என்றார். பொன்னாடை போர்த்திய திரையைக் கொண்டுவந்து அதோடு சேர்த்தார்கள். பொன்னாடை முகத்தை மறைக்காதபடி ஓரமாக ஒதுக்கினார்கள். கட்டைவிரல் வலிக்கிறது என்றார். கீபோர்டும் மவுஸும் வந்தன. சார்ஜ் நிற்கவில்லை. பெட்டி வந்தது. இத்தனையையும் கையில் பிடிக்க முடியவில்லை என்றார். மேசை வந்தது.

"பார்த்தீர்களா?" என்றார் இயக்குநர். "கைபேசி எல்லாவற்றையும் செய்கிறது."

போட்டார்கள். பதினோரு நிமிடம் ஆனது.

"இதை யார் இயக்குவது?" என்றார். ஆள் போட அனுமதி வரவில்லை என்று தலைமை எழுத்தர் நினைவுபடுத்தினார். எல்லோரும் மீரானைப் பார்த்தார்கள். மீரான் பக்கத்தைத் திருப்பினார். கைபேசி ஒன்று, சார்ஜர் ஒன்று என்று இருந்தது. மூன்றாவது வரி காலி.

"அஞ்சுலருந்து மூணு," என்றார் எழுதிக்கொண்டே. "பதவி உயர்வுவே. திரும்பும்."

திரும்பினேன். பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு நி.அ./கைபேசி/3 என்று எழுதினார்கள். கையோடு வரும் சாதனம் என்பதால் மணிக்கு ஒரு முறை நான் மேசையைத் தூக்கிக்கொண்டு வராண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். முதல் சுற்று போனேன். பொன்னாடைக்குள்ளிருந்து தட்டச்சுச் சத்தம் கேட்டது.

ஆறு மணிக்கு என் மனைவி பகவதி அடையாள அட்டையோடு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"என்னய ஏலம் விடல," என்றேன். "வேலைல இருக்கேன்."

"அப்படியா," என்றாள். என்னைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள். பெயிண்ட் காயாததால் தொடவில்லை. ஏலத்துக்கு வைத்திருந்த சாமான்களை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த சீலிங் ஃபேன் ஓடுமா?"