மேல் பஜாருக்கும் கீழ் பஜாருக்கும் நடுவில் ஒரு கயிறு

2017 சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் பின்னேரம் தொடங்கிய கயிறிழுத்தல் போட்டி ஆறு வருசம் நடந்தது. புசல்லாவைக்குக் கீழே, நுவரெலியா ரோட்டு நாலைந்து முறை வளைந்து இறங்கும் இடத்தில் இருக்கிற எங்கள் டவுனில் இதைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முட்டை விலை ஏறிய கதையையும் அதே மூச்சில் சொல்வார்கள். அன்றைக்கு மற்ற எல்லாப் போட்டிகளும் ஒழுங்காகவே முடிந்தன. பன் சாப்பிடும் போட்டியில் ஒருவருக்கு விக்கல் எடுத்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைக்கப் போனவர் ஒலிபெருக்கிக்காரரின் முதுகில் கண் வைத்தார், சங்கீதக் கதிரையில் ஒரு கதிரை உடைந்தது. வருசா வருசம் நடப்பதுதான். கயிறு மட்டும் வேறு மாதிரி யோசித்தது.

குற்றம் கமிட்டியுடையது. எங்கள் டவுன் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே மேல் பஜார், கீழே கீழ் பஜார். அதற்கு முந்தைய வருசம் மேல் பஜார் ஜெயித்தபோது, அவர்கள் தோட்டத்து லொறிக்காரர்களைக் கூட்டிவந்து பாரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று கீழ் பஜார் சொல்ல, மூன்று மாசம் இந்தக் கடைக்காரர் அந்தக் கடையில் தேங்காய் வாங்கவில்லை. அதனால் இந்த முறை நியாயம் என்றால் நியாயமாக இருக்க வேண்டும் என்று கமிட்டி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் தராசை இரவல் வாங்கி வந்தது. இரண்டு அணியையும் ஒவ்வொரு ஆளாக ஏற்றி நிறுத்தார்கள். கீழ் பஜார் கொஞ்சம் குறைந்தது. குறைந்த பாரத்துக்குத் துஷாந்த் என்கிற சலூன்காரப் பையனை வாழைப்பழம் சாப்பிட வைத்தார்கள். தராசின் முள் நேராக நிற்கும்வரை அவன் சாப்பிட்டான். இவ்வளவு சரிசமமாக இரண்டு பக்கத்தைப் பிரித்தால் என்ன ஆகும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை, படித்தவர்கள் நிறைந்த கமிட்டி.

கயிறு ஹபீல் ஹார்ட்வெயாரில் வாங்கியது. நடுவில் சிவப்புத் துணி கட்டியது. மத்தியஸ்தம் செய்ய இரண்டு பஜாரிலும் சொந்தபந்தம் இல்லாத ஆள் வேண்டும் என்று அக்குறணையிலிருந்து இப்திகார் மாஸ்டரை அழைத்திருந்தார்கள், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். மேல் பஜாரின் கடைசி ஆள், அதாவது கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நங்கூரமாக நிற்கிறவர், புடவைக்கடை மயில்வாகனம். கீழ் பஜாருக்குப் பிரதேச சபையில் கிளார்க்காக இருந்த சுதேஷ். மயில்வாகனத்தின் மகள் மதுஷாவுக்கும் சுதேஷுக்கும் ஆவணியில் கல்யாணம் பேசி, கூறைப்புடவைகூட எடுத்தாயிற்று. வருங்கால மாமனாரும் மருமகனும் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் நிற்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் அதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டார்.

இப்திகார் மாஸ்டர் விசில் ஊதினார். இழுத்தார்கள். சிவப்புத் துணி அசையவில்லை. வெயில் தாழ்ந்தது, மூடுபனி இறங்கியது, இசைக்குழு பாடி முடித்து வான் வண்டியில் ஏறிக் கண்டிக்குப் போனது, துணி கோட்டுக்கு நேரே நின்றது. பரிசு கொடுக்க வந்த பிரதம விருந்தினர் கதிரையில் உட்கார்ந்தே இருந்தார். போட்டி முடியாமல் எழுந்துபோவது மரியாதையில்லை என்று அவர் நினைத்தார், பிறகு ஒரு தேர்தலில் தோற்று, அந்தக் கவலையில் தான் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து வீட்டுக்குப் போனார். பரிசுக் கிடாய் மரத்தடியில் கட்டியபடியே கிழடாகிச் செத்தது.

நடுவில் நின்றவர்கள் முறை போட்டு மாறிக்கொண்டார்கள். வருகிறவர் பிடித்த பிறகே போகிறவர் விடுவார். மாற முடியாதவர்கள் இரண்டு நங்கூரக்காரர்கள் மட்டும்தான். இடுப்புச் சுற்றைத் தளர்த்தினால் தோல்வி என்பது விதி. ஆகவே பிரதேச சபை சுதேஷைத் தேடி மைதானத்துக்கு வந்தது. கடை லைசன்ஸ் புதுப்பிக்கிறவர்கள் அங்கேயே வந்து அவன் முழங்காலில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள், சபைக் கந்தோரில் இருந்ததைவிட ஆளைப் பிடிப்பது சுலபமாக இருந்தது என்று பாராட்டினார்கள், அவனுக்கு ஒரு பதவி உயர்வும் கிடைத்தது. புடவைக்கடையை மதுஷா எடுத்து நடத்தினாள். அவள் கைக்கு வந்த பிறகு கடை இரண்டு கடையானது. இதை மயில்வாகனத்திடம் யாரும் சொல்லவில்லை. மற்ற விஷயங்களையெல்லாம் இரண்டு பேரும் எப்படிச் சமாளித்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் கேட்பதில்லை.

அந்த ஆவணி வந்தபோது இரண்டு வீட்டாரும் மைதானத்துக்குப் போய் மயில்வாகனத்தின் பக்கத்தில் நின்று பேசினார்கள். இங்கேயே ஒரு பந்தல் போட்டு முடித்துவிடலாமே என்றார்கள். அவர் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு மறுத்துவிட்டார்.

"என்னத் தோக்கடிச்சவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்கிறது? எங்கிட்டத் தோத்தவனுக்கு எதுக்குப் பொண்ணக் குடுக்கிறது?"

இதைக் கேட்டு எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பாதி வழி வந்த பிறகுதான், அப்படியானால் கல்யாணமே இல்லையே என்று யாருக்கோ உறைத்தது. மதுஷாவுக்கு அங்கேயே உறைத்தது. அவள் அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு சாப்பாட்டுக் கரியரோடு மைதானத்துக்கு வருவாள். மேல் முனையில் அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, கயிற்றோரமாகவே நடந்து கீழ் முனைக்கு வந்து சுதேஷுக்கு ஊட்டுவாள். அப்பா சொல்வார், நான் விட்டால் உன் மானம் போகும் பிள்ளை, உனக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. சுதேஷும் அதையேதான் சொல்வான், கொஞ்சம் மெதுவாக. தான் நினைத்தால் ஜெயித்துவிடலாம், ஆனால் ஜெயித்தாலும் நீ இல்லை, தோற்றாலும் நீ இல்லை, அதனால் துணி ஒரு விரல்கூட நகராதபடி அளந்து இழுக்கிறேன் என்பான். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் இரண்டு வருசம் பிடித்திருந்தது.

2018 பங்குனியில் கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்த வாரம் இப்திகார் மாஸ்டரால் வர முடியவில்லை. மத்தியஸ்தர் இல்லாத அந்த நாட்களில் இரண்டு பஜாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றன. யாரும் இழுக்கவில்லை. அவர் திரும்பி வந்து, முகம் கறுத்துப்போய், விசிலை எடுத்து வாயில் வைத்த பிறகுதான் மறுபடி காலை ஊன்றினார்கள். எங்கள் டவுனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, இதைச் சொல்லலாம். கொரோனா ஊரடங்கில் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார், நின்றார்கள், மாஸ்டர் முகக்கவசத்துக்கு மேலே விசிலை வைத்துக்கொண்டார். 2022இல் நாடு முழுக்கப் பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்று மயங்கி விழுந்தபோது எங்கள் ஆட்கள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. ஹபீல் தன் கடை முகப்பில், "வருசக்கணக்காக இழுத்தும் அறாத கயிறு இங்கே கிடைக்கும்" என்று போர்டு எழுதி மாட்டினார்.

அந்த வருசக் கடைசியில் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து மதுஷாவுக்கு ஒரு வரன் வந்தது, அவர்களும் புடவை வியாபாரம்தான். அவள் அலுமாரியைத் திறந்து கூறைப்புடவையை எடுத்துப் பார்த்தாள். மலைநாட்டு ஈரத்தில் மடிப்பெல்லாம் பூசணம் பிடித்து, மூக்கில் வைக்க முடியாத வாடை அடித்தது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். மறுநாள் மைதானத்துக்கு வந்து அப்பாவிடமும் சுதேஷிடமும் ஒரே வார்த்தையைத் தனித்தனியாகச் சொன்னாள். வருகிற சித்திரை விழாவுக்குள் இது முடியாவிட்டால் கொட்டாஞ்சேனைக்குச் சரி சொல்லிவிடுவாள். அப்பா, அந்தக் கல்யாணத்துக்கும் கன்னிகாதானம் பண்ணத் தன் கை காலியாக இல்லையே என்று கவலைப்பட்டார். அன்றிரவிலிருந்து சுதேஷ் சரியாகச் சாப்பிடவில்லை. சில நாள் விட்டுவிடலாம் என்று நினைத்தான், விட்டால் தோற்றவன். சில நாள் முழுப் பலத்தோடும் இழுத்துப் பார்த்தான். துணி நகரவில்லை. அளந்து இழுப்பதாகச் சொன்னவன் அதை அவளிடம் சொல்லவில்லை.

2023 சித்திரையில் பல வருசத்துக்குப் பிறகு முழு விழாவும் திரும்ப வந்தது. கயிறு நின்ற இடத்தை விட்டு மீதி மைதானத்தில் கமிட்டி கொடி கட்டியது, பழைய ஒலிபெருக்கிக்காரர் மூலையில் நின்ற பலாமரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டினார். மேலே குளவிக்கூடு இருப்பதை அவர் பார்க்கவில்லை. மலைநாட்டில் பிறந்தவன் மரத்தில் ஏறுமுன் அண்ணாந்து பார்ப்பான், ஆனால் அவர் கமிட்டி உறுப்பினர். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றதும் கூடு கலைந்தது.

குளவிக்கு மேல் பஜார், கீழ் பஜார் தெரியாது. முறையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்து, முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு படுத்தார்கள். மயில்வாகனமும் சுதேஷும் கடைசிவரை நின்றார்கள். பிறகு அவர்களும் இடுப்புச் சுற்றை உதறிவிட்டு ஓடினார்கள். மாமனாரும் மருமகனும் தேயிலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து கிடந்தார்கள், கல்யாணம் பேசிய பிறகு அவர்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அதுதான் முதல் தடவை. குளவி ஓய்ந்து ஒவ்வொருவராக எழுந்து, வீங்கிய கண்ணைத் திறக்க முடிந்த அளவுக்குத் திறந்து மைதானத்தைப் பார்த்தார்கள்.

கயிறு அப்படியே நின்றது. பிடிக்க ஒரு கைகூட இல்லாமல், இடுப்பு உயரத்தில், விறைப்பாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். சிவப்புத் துணி கோட்டுக்கு நேரே இருந்தது. இரண்டு நுனியிலும் ஆள் சுற்றியிருந்த வளையம் வெறுமையாகக் காற்றில் நின்றது.

சத்தம் கேட்டு மதுஷா கடையிலிருந்து ஓடிவந்திருந்தாள். கயிற்றைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். அதற்கு அடியில் கையைவிட்டுப் பார்த்தாள். பிறகு வீங்கிய முகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள்.

"எனக்காகத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கிறோம்னு ஆறு வருசமா ரெண்டு பேரும் சொன்னீங்க. இது உங்கள நம்பியே நிக்கலயே."

மயில்வாகனம் பேச்சை மாற்றப் பார்த்தார். அப்போ யார் ஜெயித்ததாகக் கணக்கு என்று மாஸ்டரிடம் கேட்டார். இப்திகார் மாஸ்டர் கோட்டுக்கு நேரே போய்க் குனிந்து துணியைப் பார்த்தார், விதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். உதடு வீங்கி விசில் ஊத முடியவில்லை.

"ரெண்டு பக்கமும் விட்டுட்டீங்க. விடாம நிக்கிறது இது மட்டும்தான். கயிறுதான் வென்டிருக்கு."

மதுஷா அந்தத் தீர்ப்பை உடனே பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அவர் உங்களிடம் தோற்கவும் இல்லை, உங்களைத் தோற்கடிக்கவும் இல்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் வீட்டுக்குப் போய்க் கூறைப்புடவையைக் கழுவிப் பிழிந்து கொண்டுவந்து, சிவப்புத் துணி கட்டியிருந்த இடத்தில் அந்தக் கயிற்றின் மேலேயே விரித்துப் போட்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கயிறு தொய்யவில்லை.

"வாடை போனதும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க," என்று சுதேஷிடம் சொன்னாள். "காஞ்சது போதுமான்னு கமிட்டிகிட்டக் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

அவன் புடவைக்குப் பக்கத்திலேயே காவலிருந்து, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போனான். ஆவணியில் கல்யாணம் நடந்தது. கன்னிகாதானத்தின்போது மயில்வாகனத்தின் கைகள் முழுசாக விரியவில்லை, மாப்பிள்ளையின் கைகளும் விரியவில்லை. ஐயர் பொறுமைசாலி, முஷ்டிக்கு மேல் முஷ்டியை வைத்துத் தண்ணீரை ஊற்றினார்.

கயிற்றை இறக்குவதற்குக் கமிட்டி இரண்டு கூட்டம் போட்டது. இறங்கவில்லை. அறுக்கலாம் என்றபோது ஹபீல் தன் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று தடுத்தார். அதற்குள் மேல் பஜார்ப் பெண்கள் மேல் பாதியிலும் கீழ் பஜார்ப் பெண்கள் கீழ் பாதியிலும் துணி காயப்போடத் தொடங்கிவிட்டார்கள், நடு மட்டும் மதுஷாவுக்கு என்று ஆகிவிட்டது. இப்போது சித்திரை விழாவில் கயிறிழுத்தல் இல்லை. கமிட்டி தராசையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. மலைநாட்டு மழைக்கு நேரம் காலம் கிடையாது. இருட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பஜாரும் மைதானத்துக்கு ஓடிவரும், யார் துணி என்று பார்க்காமல் வாரிக்கொண்டு ஓடும்.

வெயில் நாளில் மயில்வாகனம் ஒரு பக்கமும் சுதேஷ் ஒரு பக்கமுமாக மதுஷாவின் போர்வையைக் கயிற்றிலிருந்து எடுத்து மடிப்பார்கள். மடிப்பதற்கு முனையைப் பிடித்ததும் இரண்டு பேரின் குதிகாலும் தானாக மண்ணில் ஊன்றிவிடும், போர்வை விறைக்கும். மதுஷா இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்று ஒரு பார்வை பார்ப்பாள். இரண்டு பேரும் ஒன்றாக விட்டுவிடுவார்கள். போர்வை விழாது, விறைப்பாக அங்கேயே நிற்கும். அவள் பிள்ளையை அதன் மேல் கிடத்திவிட்டு மற்றத் துணிகளை எடுக்கப் போவாள். பிள்ளை நன்றாகத் தூங்குகிறது.