எட்டு மணிக்கு ஓர் அந்தி

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, எங்கள் கொட்டிலின் தென்மேற்கு மூலையில் இருபத்தேழு கோழிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. நாய் புகவில்லை. நோயும் இல்லை. எல்லாம் மூச்சு முட்டிச் செத்தவை. அடியில் கிடந்தவை தட்டையாகிப் போயிருந்தன. என் கணவர் சுஜீவன் அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். நான் கதவோரச் சுவரில் பூட்டியிருந்த, விளக்கை அணைக்கும் நேரக் கருவியைப் பார்த்தபடி நின்றேன். முதல் நாள்தான் அதைப் பூட்டியிருந்தோம்.

மாரியில் பகல் குறுகினால் முட்டைக் கோழிகள் இடுவதைக் குறைத்துவிடும். அதனால் பொழுதுபட்ட பிறகும் எட்டு மணிவரை கொட்டிலில் விளக்கு எரிய வேண்டும். இரண்டு வருடங்களாக நானே போய் அணைத்து வந்தேன். பகலில் தெல்லிப்பழையில் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. புதன்கிழமைகளில் மாலை ஜெபக்கூட்டம். விளக்குக்காக இடையில் எழுந்து வரவேண்டியிருக்கும். அது அலுத்துப்போய் என் கூடப்பிறந்த அண்ணையிடம் ஒரு நேரக் கருவி கேட்டேன். ஐசாக் அண்ணை வீடுகளுக்கு வயரிங் செய்பவர். ஒரு மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார். அது எட்டு மணிக்குச் சரியாக விளக்குகளை அணைத்தது. அணைந்த கணம் கோழிகள் தீனித் தட்டுகளைச் சுற்றி நின்றிருக்கும். ஒன்றும் தெரியாத இருட்டில் அவை ஒரு மூலைக்கு ஓடி, மேலே மேலே ஏறியிருக்கின்றன.

"மிச்சத்தைக் குடுத்திடுவம், நிமலி" என்றார் சுஜீவன். "றமேஸைக் கேட்டனான். இறைச்சிக்கு எடுக்கிறானாம். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வந்து ஏத்துவான்."

நூற்று எண்பத்து மூன்று கோழிகள். குஞ்சிலிருந்து நான் வளர்த்தவை. மார்கழி இரண்டாம் சனிக்கிழமைவரை தவணை கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவள் இல்லை என்பதால் தந்தார் என்று நினைக்கிறேன்.

என்னைக் குடைந்தது ஒரு கேள்விதான். என் கை அணைத்த இரண்டு வருடங்களில் ஏன் ஒரு கோழிகூடச் சாகவில்லை? நானும் இதே எட்டு மணிக்குத்தானே இருட்டைக் கொண்டுவந்தேன்?

நேரக் கருவியைக் கழற்றிவிட்டு மறுபடி கையால் அணைக்கத் தொடங்கினேன். நாலாவது மாலையில் என் கையை நானே பார்த்தேன். முதலில் வாசல் விளக்கை அணைக்கிறேன். பிறகு மிஞ்சிய முட்டைகளைப் பொறுக்குகிறேன். நடு விளக்கை அணைக்கிறேன். தண்ணீர்ப் பாத்திரங்களைக் குனிந்து பார்க்கிறேன், கோழிகளில் யாரையாவது ஏசுகிறேன். கோழிகள் ஏறியிருக்கும் தடிகளுக்கு மேலுள்ள விளக்கு கடைசி. அதற்குள் கால் மணித்தியாலம் போய்விடும். கோழிகளும் வெளிச்சம் மிஞ்சிய பக்கமாகப் போய்த் தடியில் ஏறிவிடும். என் கைக்குத் தெரிந்திருந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அந்தக் கையைப் போல ஒரு கருவி செய்ய வேண்டும். கடையில் விற்பதெல்லாம் எரியும், அணையும், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து தபாலில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும், கரண்ட் போனாலும் மணியை மறக்காத ஒரு கடிகாரச் சிப்பும், இரண்டு சுருள் எல்.ஈ.டி நாடாவும் வரவழைத்தேன். நாடா ஒன்று தீனித் தட்டுகளுக்கு மேலே. மற்றது தடிகளுக்கு மேலே. தீனிப் பக்கம் முதலில் மங்கி அணையும். தடிப் பக்கம் பின்னால் மங்கும். எல்லாவற்றையும் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அண்ணை வயர் இழுக்க வந்தார். பெட்டியைத் திறந்து மூக்கருகில் பிடித்தார்.

"வனிலா மணக்குது" என்றார். "என்ன பிள்ளை, கோழிக்குத் தியேட்டர் கட்டுறியோ? லைற் மெல்ல மெல்லக் குறைய, படம் தொடங்குமோ?"

"ஓம் அண்ணை. உங்களுக்கும் ஒரு ரிக்கற் வைச்சிருக்கிறன்."

"எனக்கு பல்கனி வேணும். கீழை இருந்தால் தலையிலை கோழி எச்சம் போடும்."

ஏழு முப்பத்தைந்துக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும்படி எழுதியிருந்தேன். முழு வெளிச்சத்தை இருநூற்று ஐம்பத்தைந்து படிகளாக வகுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு நேரம். முதல் பரீட்சையில் அண்ணை ரோர்ச் லைற்றோடு உள்ளே நின்றார். இருபத்துநாலு நிமிடமும் எல்லாம் நல்லபடி நடந்தது. கடைசி நிமிடத்தில், இன்னும் பாதிக் கோழிகள் கீழே நிற்க, இருட்டு கதவைச் சாத்தியதுபோல் விழுந்தது. அவை மூலைக்கு ஓடின. அண்ணை வெளிச்சம் பிடிக்க, நானும் சுஜீவனும் குவியலைக் கையால் பிரித்தோம். சாவு இல்லை. ஆனால் நாங்கள் இல்லையென்றால் இருந்திருக்கும்.

"லைற்றைக் கையாலை நூக்கிறதிலை என்ன குறை, நிமலி?" என்றார் சுஜீவன், கையில் கோழி பிறாண்டிய இரத்தத்தைத் துடைத்தபடி. "நீ இல்லாத அண்டைக்கு நான் நூக்கிறன்."

"நீங்கள் மூண்டையும் ஒரேயடியா நூப்பீங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மழை விட்ட மாலைகளில் நான் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சத்தை அளக்கும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கி, அதை வானம் பார்க்க மடியில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு தரம் எண்ணைக் கொப்பியில் எழுதினேன்.

"என்ன, வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" என்று சுஜீவன் கேட்டார்.

"இருட்டு எப்பிடி வருதெண்டு பாக்கிறன்."

"அது ஒவ்வொரு நாளும் வாறதுதானே."

"ஓம். நான்தான் பாக்கேல்லை."

அவர் உள்ளே போய்விட்டார். நான் மூன்று மாலைகள் அப்படி இருந்தேன். யாரோடும் கதைக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. வீட்டில் அதை என் குறையாகச் சொல்வார்கள். இந்த வேலைக்கு அதுதான் தேவைப்பட்டது.

எண்கள் மூன்று மாலையும் ஒன்றையே சொல்லின. சூரியன் விழுந்த பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிறது. பிறகு அதில் பாதி. பிறகு அதிலும் பாதி. முதலில் நிறைய எடுக்கிறது. எடுப்பதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும்போது கொஞ்சத்தில் கொஞ்சமே எடுக்கிறது. என் கருவியோ தொடக்கத்தில் எடுத்த அதே அளவைக் கடைசியிலும் எடுத்திருக்கிறது. மிச்சமெல்லாம் ஒரே இழுப்பில் போயிருக்கிறது.

இருநூற்று ஐம்பத்தைந்து படிகள் போதாது. வெளிச்சத்தைப் பத்தாயிரமாக வகுத்தேன். முதல் மூன்று நிமிடத்தில் ஐயாயிரம் படிகள் இறங்கும்; கடைசி மூன்று நிமிடத்தில் முப்பது, நாற்பதுதான். அந்த அட்டவணையை எழுதி முடிக்க நாலு நாள் போனது. ஆய்வுகூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்கு, கொட்டிலுக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தேன். கையில் ரோர்ச் எடுக்கவில்லை. நாங்கள் உதவி செய்து கோழிகள் பிழைத்தால் அது கருவியின் வெற்றியாகாது. சுஜீவனும் அண்ணையும் வெளியே கம்பி வலையோடு ஒட்டி நின்றார்கள். விடிந்தால் றமேஸ் கோழி ஏற்ற வான் வண்டி கொண்டு வருவான்.

மங்கத் தொடங்கியது. ஒரு செங்கோழி தீனியை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தது, திரும்பவும் கொத்தியது. தீனிப் பக்கம் இருண்டுகொண்டு வர, ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்கின. அவசரமில்லை. தடியில் இறகடிக்கும் சத்தம், இடம் பிடிக்கும் சின்னச் சண்டைகள், பிறகு அந்தக் கொக்கரிப்பும் தணிந்து தொண்டைக்குள் முனகலாகியது. பத்துப் பதினைந்து சோம்பேறிகள் தடிக்கு வராமல் சுவரோரம் நிலத்திலேயே குந்திவிட்டன. ஓடியது ஒன்றும் இல்லை. என் செருப்பின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் சூடு காலில் தெரிந்தது.



"இன்னும் நூரேல்லையோ, பிள்ளை?" என்று அண்ணை வெளியிலிருந்து கிசுகிசுத்தார்.

"நூந்து நாலு நிமிசம், அண்ணை."

"பொய் சொல்லாதை."

"தடிக்கு மேலை பாருங்கோ."

அண்ணை வலையோடு இன்னும் நெருங்கும் சத்தம் கேட்டது. "மச்சான், எப்ப நூந்தது? நீர் கண்டனீரோ?"

"நானும் உதையே பாத்துக்கொண்டுதான் நிண்டனான்" என்றார் சுஜீவன். "காணேல்லை."

முப்பது வருடம் விளக்குப் பூட்டிய மனிதருக்கு விளக்கு அணைந்தது தெரியவில்லை. பெருமை பாவம் என்று ஞாயிறு பாடசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த இருட்டில் இருந்து அதையும் யோசித்தேன். யோசித்த பிறகும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

காலையில் விடிய முன்னரே போய் மூலையைப் பார்த்தேன். எச்சம் மட்டும் கிடந்தது. ஒருதரம் எண்ணினேன், நம்பாமல் மறுதரமும் எண்ணினேன். நூற்று எண்பத்து மூன்று.

றமேஸ் ஏழு மணிக்கு வெறுங் கூடைகளோடு வந்து இறங்கினான். சுஜீவன் வேலிப் படலையடியிலேயே அவனை மறித்தார்.

"குறை நினையாதை, தம்பி. குடுக்கேல்லை."

"என்னண்ணை, நீங்கள்தானே வரச் சொன்னியள்?"

"சொன்னனான்தான். ஆனால் இனிச் சாகாது."

அண்ணை இடையில் வந்தார். "உதுக்கு ஒரு பெட்டி செய்து பூட்டியிருக்கிறம். கடையிலை தேடினாலும் கிடையாது."

"ஆர், நீங்களோ செய்தது?"

அண்ணை வாயைத் திறந்தார். நான் வாசலில் நின்றேன். வழக்கமாக இப்படியான இடத்தில் நான் தேத்தண்ணி வைக்கப் போய்விடுவேன்.

"அண்ணை வயர் இழுத்துத் தந்தவர்" என்றேன். "பெட்டி நான் செய்தது."

றமேஸ் என்னைப் பார்த்தான். பிறகு அண்ணையைப் பார்த்தான். அண்ணை தலையாட்டினார். "ஓம், ஓம். அவள்தான். நான் பகிடி விட்டதோடை சரி."

"என்னக்கா அதுக்குள்ளை?" என்று றமேஸ் கேட்டான்.

நான் அவனைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். வெளிச்சம் ஏன் பாதி பாதியாகக் குறைய வேண்டும் என்று சொன்னேன். அவன் நடுவில் இரண்டு தரம் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். கொப்பியை எடுத்து வந்து எண்களைக் காட்டினேன். அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. சுஜீவன் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்று கேட்டார். என்னுடையது ஆறிப்போனது. நான் மூன்றாவது மாலையின் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.