பூசணிக்காய்க்குப் பிறகு ஒரு ஷாட்

படப்பிடிப்பு முடிந்ததும் பூசணிக்காய் உடைப்போம். அதற்குப் பிறகு கேமரா ஓடக் கூடாது. எங்கள் தெலுங்கு சினிமாவில் கதையே இல்லாமல் படம் எடுப்பார்கள். இதை மட்டும் மீற மாட்டார்கள்.

இயக்குநர் சிம்மாத்ரிக்கு அது இரண்டாவது படம். முதல் படம் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பிறகு ஹைதராபாத்தில், சினிமாக்காரர்கள் ஒண்டியிருக்கும் கிருஷ்ணா நகர் அறையில் கிடந்து, பெயர் போடாமல் மற்றவர்களுக்கு வசனம் எழுதினான். நான் அவனுடைய உதவி இயக்குநர். இதுவும் ஓடாவிட்டால் அவனை வைத்து எவனும் படம் எடுக்கப் போவதில்லை. அது அவனுக்கே தெரியும்.

கோதாவரிக் கரையில் கடைசி ஷாட். மகன் ஏறிய படகு போய்விட்டது, தாய் திரும்புகிறாள். அந்த முகம்தான் மொத்தப் படமும். தாயாக நடித்த வரலம்மா நாடக மேடையில் ஊறியவர். ஒத்திகையில் திரும்பியவர், அழாமல் லேசாகச் சிரித்தார்.

"சூப்பர்மா!" என்று சிம்மாத்ரி கத்தினான்.

அவன் வாயிலிருந்து "இன்னொரு தடவை" தவிர வேறெதுவும் கேட்டிராத மேனேஜர் பைடிராஜு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். குங்குமம் தடவி வைத்திருந்த பூசணிக்காய் கேமரா முன்னால் சிதறியது.

"யோவ், அது ரிகர்சல்யா!"

"நீங்க சூப்பர்னு சொன்னீங்களே சார். என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?"

தயாரிப்பாளர் சத்திபாபு எழுந்தார். "சரி, மூட்டையக் கட்டுங்க."

"சத்திபாபு காரு, ஒரே ஒரு ஷாட்."

"உடைச்சாச்சுப்பா. முன்னாடி ஒரு படத்துக்கு உடைச்சப்புறம் கேமராவ ஓட்டினேன். அந்தப் படப்பெட்டி ரிலீஸே ஆகாம இன்னும் லேப்லயே கிடக்கு. அந்தம்மா முதுகு எடுத்திருக்கேல்ல, அத வெச்சு முடி."

"முதுகப் பாக்க எவன் வருவான்?"

கேமராமேன் லென்ஸைக் கழற்றத் தொடங்கினார். ஆற்றின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"மேக்கப்பைக் கலைக்கட்டுமா, நிக்கட்டுமா? சொல்லித் தொலைங்கப்பா, கால் வலிக்குது" என்றார் வரலம்மா.

சிம்மாத்ரி மண்ணில் கிடந்த பூசணித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பைடிராஜு, தேங்காய் இருக்கா?" என்றான்.

"எதுக்கு சார்?"

"அடுத்த படத்துக்குப் பூஜை. இப்பவே."

"எந்தப் படம்டா?" என்றார் சத்திபாபு.

"மகனை அனுப்பிட்டு வீடு திரும்புற அம்மாவோட கதை. முதல் ஷாட் அவ முகம். அதுல கொஞ்சம் இந்தப் படத்துக்கு எடுத்துக்கிறேன்."

"டைரக்டர் யாரு?"

"நான்தான்."

"பணம் போடுறவன்?"

"நீங்கதான். வந்து கிளாப் அடிங்க."

"கொழுப்புடா உனக்கு." அவர் வானத்தைப் பார்த்தார். "யோவ் பைடிராஜு, ராகுகாலம்?"

"காலையிலேயே போயிடுச்சு சார்."

சத்திபாபு செருப்பைக் கழற்றினார். நான் கிளாப் பலகையை எடுக்க ஓடினேன்.

தேங்காய் உடைந்தது. கிளாப் பலகையில் பழைய பெயரை அழித்துவிட்டு 'புதுப் படம்' என்று எழுதினேன். சத்திபாபு அடித்தார். வரலம்மா திரும்பினார். இந்த முறை அழுகை கண் வரைக்கும் வந்து நின்றது. பிறகுதான் அந்தச் சிரிப்பு. சிம்மாத்ரி பைடிராஜுவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, மெதுவாக "ஓகே" என்றான்.

செருப்பை மாட்டப் போன சத்திபாபு பாதியில் நின்றார்.

"இருடா. பூஜை போட்ட படத்தை விடக் கூடாதே."

"ஆமாங்க. பெரிய தோஷம்."

"அப்ப இது ஊத்திக்கிட்டாலும் உன்ன வெச்சுதான் அடுத்ததை எடுக்கணுமா?"

"ஆமாங்க."

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சில்லைக் கடித்தார். மென்று முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கதையாவது இருக்காடா?"

"முதல் ஷாட் இருக்குங்க."