மூன்றாவது சாட்சி

மை உறைந்துவிட்டிருந்தது. மெஹிட்டபெல் மைக்கூட்டை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டே, மறு கையால் அப்பாவின் வாயில் ஒரு கரண்டி ஆப்பிள் கூழை வைத்தாள். எலிஃபலெட் டார்பெல் மெல்ல விழுங்கினார்.

"பட்டை ஜாஸ்தி" என்றார்.

"இந்த நேரத்துலயும் குறையா?"

"குறை சொல்லித்தானேடி நாற்பது வருஷம் பொழப்பு நடத்தினேன்."

டாக்டர் லவெல் சிரித்தார். பீப்பாய் செய்கிற சாதோக்குக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. தொப்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றான். இருவரும் உயிலுக்குச் சாட்சி போட வந்தவர்கள். மசாசூசெட்ஸில் மூன்று சாட்சி இல்லாமல் உயில் நிற்காது. மூன்றாவது ஆளான பாதிரியார் இன்னும் வந்து சேரவில்லை. காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது.

தம்பி ஆசகேல் ஜன்னலோரம் நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முற்றத்து மூலையில் அப்பாவின் ஆபீஸ். ஒற்றை அறை, ஒரு கணப்பு, சுவர் முழுக்கச் சட்டப் புத்தகங்கள். வியாழக்கிழமை இருபது மாடுகளைப் பூட்டி, அந்த அறையை அப்படியே பனியில் இழுத்துக்கொண்டு போய்க் கடைத்தெருவில் வைக்கப்போகிறான், அதை வாங்கியிருக்கும் தொப்பிக் கடைக்காரன். குளிர்காலத்தில் கட்டடத்தை இழுப்பது இந்த ஊரில் அதிசயமில்லை. அப்பாவுக்கு மூச்சு இருக்கும்போதே ஆசகேல் விலை பேசி முடித்துவிட்டான் என்பதுதான் அதிசயம். சொத்து மகனுக்குத்தானே வரும், கேட்க என்ன இருக்கிறது?

அந்த அறையில்தான் மெஹிட்டபெல் பதினான்கு வயதிலிருந்து உட்கார்ந்து எழுதினாள். எலிஃபலெட் உழவர் வீட்டுப் பிள்ளை. இன்னொரு வக்கீலிடம் மூன்று வருஷம் நகல் எழுதியே சட்டம் கற்றவர். கடனுக்கு நிலம் பறிபோவதைத் தடுக்கக் கோர்ட்டு வாசலை மறித்த விவசாயிகளுக்காக வாதாடி, பெரிய மனிதர்களின் பகையைச் சம்பாதித்து, அதே விவசாயிகளின் ஓட்டில் இரண்டு முறை நாட்டின் சட்டசபையான காங்கிரசுக்குப் போனார். மூன்றாம் முறை தோற்று வீடு திரும்பியபோது, "அப்பாடா, இனி நல்ல சாப்பாடு" என்றார். பேச்செல்லாம் அவருடையது. அதற்குக் கை கால் வைத்து, லத்தீன் மேற்கோள்களைத் திருத்தி, பாதியை அடித்து எழுதியது மகள். ஹார்வர்டுக்குப் போனது ஆசகேல். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அவளும்தான்.

மை இளகியது. பலகையை மடியில் வைத்தாள்.

"என் ஆபீசும் அதுல இருக்கற புத்தகங்களும் என் மகன் ஆசகேலுக்கு" என்றார் அப்பா.

பேனா ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது.

"வீடும் மேய்ச்சல் நிலமும் என் மகள் மெஹிட்டபெல்லுக்கு." மூச்சு வாங்கினார். "இதுல எது எந்தக் காரணத்தால செல்லாம போனாலும், அதுவும் அவளுக்கே."

"எதுப்பா செல்லாம போகப்போகுது?" என்று ஆசகேல் திரும்பினான்.

"எழுதி வைக்கறது வழக்கம்டா. நீயும் வக்கீல்தானே?"

அப்பா கையெழுத்துப் போட்டார். டாக்டர் போட்டார். சாதோக் நாக்கைத் துருத்திக்கொண்டு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தான். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாதிரியார் வர்ற வரைக்கும் தாங்காது" என்றார்.

"அவர் எதுக்கு? நான் போடறேன்" என்று ஆசகேல் பேனாவை வாங்கினான். அப்பாவின் கடைசிக் காகிதத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்ற ஆசையும் அவனுக்கு இருந்திருக்கலாம்.

மெஹிட்டபெல் சட்டென்று நிமிர்ந்தாள். சாட்சி போடுகிறவனுக்கு அந்த உயிலில் எழுதிய சொத்து சேராது. உயில் நிற்கும், அவன் பங்கு மட்டும் விழும். அவள் முதன்முதலில் நகல் எழுதிய வழக்கே அதுதான். ஆபீசில் அவள் எழுதிய மேசையின் மறுபக்கத்தில் அன்று ஆசகேலும் இருந்தான், பேனாக்கத்தியால் மேசையில் கப்பல் செதுக்கிக்கொண்டு.

வாயைத் திறந்தாள்.

"ஹிட்டி" என்றார் அப்பா. "இன்னும் கொஞ்சம் கூழ்."

"அப்பா, இவன்..."

"கூழ் கேட்டேன்."

அவர் கண் தெளிவாக இருந்தது. அவள் கரண்டியை எடுத்தாள். ஆசகேல் பெயரை எழுதி, கீழே மூன்று சுழி சுழித்தான்.

பொழுது சாய்வதற்கு முன்பே எலிஃபலெட் போய்விட்டார். தாடையைக் கட்டும்போது டாக்டர் சொன்னார்: "நிம்மதியாப் போயிருக்காரு மனுஷன். எத்தனை பேருக்கு வாய்க்கும்?"

புதன்கிழமை அடக்கம். வக்கீல்கள் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள். இறந்தவரின் சொல்வன்மையைப் புகழ்ந்து, அவருடைய பிரபலமான பேச்சிலிருந்து ஒருவர் நான்கு வரி சொன்னார். அதில் மூன்று மெஹிட்டபெல் எழுதியது. நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் வீட்டில் வைத்து முதிய நீதிபதி கோட்டன் உயிலை விரித்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"தம்பி, இந்த மூணாவது கையெழுத்து யாருது?"

"என்னுதுதாங்க."

"ஒரே ஆசகேலா, ரெண்டு பேர் இருக்கீங்களா?"

சாதோக்குக்கு மட்டும்தான் விளங்கவில்லை. ஆசகேலின் காது சிவந்தது. அவன் அக்காவைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீதான் வக்கீல். நான் கூழ் ஊட்டிக்கிட்டிருந்தேன்."

நீதிபதிக்கு இருமல் வந்தது. இருமல்தானா என்பது சந்தேகம். ஆசகேல் கணப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சிரிக்கவே செய்தான்.

"கிழவர் படுத்த படுக்கையிலயும் ஒரு கேஸ் ஜெயிச்சிட்டாரு" என்றான். "தொப்பிக்காரன்கிட்ட நானே சொல்லிடறேன்க்கா."

வியாழக்கிழமை மாடுகள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மெஹிட்டபெல் ஆபீசில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம். பெண்களைக் கோர்ட்டில் வக்கீலாக நிற்க விடமாட்டார்கள். எழுதக் கூடாது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கதவைத் திறந்தாள். ஆற்றங்கரை விதவை ப்ரூடன்ஸ் கோல், சால்வையெல்லாம் பனியாக நின்றாள்.

"வக்கீலய்யாதான் போயிட்டாரே, இனி யார்கிட்டப் போறதுன்னே தெரியல. புகையைப் பார்த்துட்டு வந்தேன். பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுட்டாம்மா."

"எத்தனை அடி?"

ப்ரூடன்ஸ் எட்டி உள்ளே பார்த்தாள். ஆண்கள் யாரும் இல்லை. மறுபடி மெஹிட்டபெல்லைப் பார்த்தாள்.

"ஒன்பது. கிணத்தையும் சேர்த்து."

"உள்ள வாங்க, கதவைச் சாத்துங்க."

நாற்காலியைக் கணப்புப் பக்கம் இழுத்துப் போட்டாள். ப்ரூடன்ஸ் உட்கார்ந்தாள். அவள் காலணியிலிருந்த பனி கரைந்து, பலகைத் தரையில் மெல்லிய கோடாக ஓட ஆரம்பித்தது.