நடுவில் இருந்த பெயர்

எண்ணூறு மீட்டர் ஓடும் பெண்களைக் கூடாரத்தில் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர்களுக்கு உள்ளே இடமில்லை. சொரிமுத்து கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றார். எட்டுப் பேரில் ஏழு பேர் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். அவருடைய மாணவி செண்பகவல்லி மட்டும் மேசை முன்னால் நின்றாள். பிறகு தடுப்பருகே வந்தாள்.

"சார், பேரு ஒத்து வரலையாம். தனியா நிக்கச் சொல்லுதாங்க."

அவருக்கு உடனே புரிந்தது. படிவத்தை நிரப்பியது அவர்தான்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக அவர் தடகளப் பயிற்சியாளர். பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு மாத இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். சேர்ந்த அன்று 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று அப்பா பெயரைப் போட்டார். அன்றிலிருந்து முதல்வர் தொடங்கி வாட்ச்மேன் வரைக்கும் அவர் சுடலை சார்தான். சுடலைமுத்து இறந்து பதினாறு வருடமாகிறது. இன்னும் தினமும் யாராவது அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செண்பகவல்லிக்கும் அதே கதைதான். தாராவியில் அவளைப் பள்ளியில் சேர்த்தபோது குடும்பப் பெயருக்கும் அப்பா பெயர், அப்பா பெயருக்கும் அப்பா பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவள் 'இசக்கிதுரை செண்பகவல்லி இசக்கிதுரை'. போன வருடம் இதே தாணே மைதானத்தில், இதே கல்லூரிகளுக்கான போட்டியில் மூன்றாவதாக வந்தாள். ஒலிபெருக்கியில் இசக்கிதுரை, இசக்கிதுரை என்று கூப்பிட்டார்கள். குண்டு எறியும் சஃப்ரீன் அவளைப் பிடித்துத் தள்ளினாள். "போங்க அண்ணாச்சி, மெடல் ஆறிப்போயிரும்."

செண்பகவல்லியும் சிரித்தாள். திரும்பும்போது ரயிலில் முலுண்ட் தாண்டியதும் சொன்னாள்: "முன்னாலயும் அப்பா, பின்னாலயும் அப்பா. ஓடுதது மட்டும் நான், என்ன சார்?"

அந்தக் கேள்வி அவருக்குள் ஒரு வருடம் கிடந்தது. இந்த வருடப் படிவத்தில் முதல் கட்டத்தில் 'செண்பகவல்லி' என்று போட்டார். அடுத்ததில் அப்பாவுக்கு ஒற்றை எழுத்து, ஊரில் போடுகிற இனிஷியல் மாதிரி. அவள் ஜெயிப்பாள் என்று தெரியும். பயிற்சியில் இரண்டு நிமிடம் பதினான்கு நொடியில் ஓடினாள். போன வருடம் முதலில் வந்தவளுக்கே பதினேழு. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நல்ல காரியம் ஒன்று செய்துவிட்ட நிறைவு இருந்தது அவருக்கு.

நடுவர் கேஷவ் வெளியே வந்தார். பதினைந்து வருடமாகச் சேர்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிக்கிறவர்.

"சுடலை சாப், இந்தப் பொண்ணை எனக்குத் தெரியாதா?" என்றார் இந்தியில். "அட்டையில ஒரு பேர், லிஸ்ட்ல வேற பேர். போன தடவை ஆள் மாத்தி ஓடவிட்டாங்களே, அதிலிருந்து இதான் விதி. திருத்தறதுக்கு மூணு நாள் கொடுத்தோம். நீங்க பார்க்கலையா?"

அவர் பார்க்கவில்லை. தப்பு என்று நினைத்திருந்தால்தானே பார்ப்பதற்கு.

"அவ அப்பாவைப் போன்ல கூப்பிடட்டுமா? பேசிப் பாருங்க," என்றார் சொரிமுத்து.

"அவர் பேசினா பேர் மாறிடுமா?"

சற்றுத் தள்ளி வேறொரு கல்லூரியின் மேலாளர், அவளை ஓடவிட்டால் கொடுப்பதற்கான ஆட்சேபக் கடிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். கேஷவ் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "கடைசி வருஷமா இவளுக்கு?" என்று கேட்டார்.

"ஆமா. முதல் ரெண்டு பேருக்குள்ள வந்தா வெளி மாநிலப் போட்டி. அங்க வேலைக்கு ஆள் எடுக்க ரயில்வேக்காரங்க வருவாங்க."

கேஷவ் அவர் தோளில் கை வைத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

செண்பகவல்லி தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க என்ன சார் எழுதுனீங்க?"

சொன்னார்.

"அப்போ லிஸ்ட்ல என் பேரு மட்டும்தான் இருக்கா?"

"ஆமா. அப்பாவுக்கு ஒரு எழுத்து."

"எங்க, பாப்போம்."

கூடாரத்துக்குப் பின்னால் பலகையில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ஐந்தாவது வரியில் செண்பகவல்லி. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தன்னார்வலர் வந்து, அந்த வரிக்கு நேராகச் சிவப்புப் பேனாவால் 'வரவில்லை' என்று ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிவிட்டுப் போனார்.

"வந்துருக்கேனே சார்," என்றாள்.

படிவத்தை மறுபடி நிரப்பலாம் என்று சொல்ல நினைத்தார். எந்தப் படிவத்தை? அவள் மே மாதம் பட்டம் வாங்கிப் போய்விடுவாள். அவருடைய ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. சொல்ல வாயெடுத்ததை அப்படியே விட்டுவிட்டார்.

மைதானத்தில் எண்ணூறு மீட்டருக்கான துப்பாக்கி வெடித்தது. இத்தனை வருடப் பழக்கம், அவருடைய கட்டைவிரல் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைத் தானாக அழுத்திவிட்டது. எண்கள் ஓடத் தொடங்கின. அதை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை.

செண்பகவல்லி அவர் கையைப் பார்த்தாள்.

"யாருக்கு சார்?" என்றாள்.