மைனஸ் பக்கம் பார்த்துப் பின்னால் நட

அரசாங்கமே நோட்டு அடிக்கும்போது எல்லாருக்கும் அடித்துக் கொடுத்தால் என்ன? காலையிலிருந்து இதைக் கேட்காத பிள்ளை இல்லை. நடுநடுவே வானம் ஏன் நீலம், பூமி சுற்றுவது நமக்கு ஏன் தெரியவில்லை. டீச்சருக்குக் கொட்டாவிகூட எரிச்சலோடுதான் வந்தது. பள்ளிக்கூட வேலை போனபின் படுக்கையறை மூலையில் கணினியை வைத்துக்கொண்டு, மாணவர்களின் சந்தேகம் தீர்க்கும் கம்பெனி ஒன்றுக்குப் பதில் எழுதுகிறாள். எழுதுவது என்ன, ஒட்டுவது. எல்லாவற்றுக்கும் கம்பெனியே பதில் தயாராக வைத்திருந்தது.

அடுத்த கேள்வி: மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் ப்ளஸ்?

ஒட்டினாள். 'புரியல' என்று வந்தது. உதாரணத்தோடு இன்னொன்றை ஒட்டினாள். 'புரியல.'

"மரமண்டை!" என்று வாய்விட்டே திட்டினாள். திரையோரத்தில் சூப்பர்வைசரின் செய்தி சிவப்பாக எட்டிப் பார்த்தது: 'ஒரே ஆளோட எவ்வளவு நேரம் மேடம்? ஏற்கெனவே உங்க மேல புகார் இருக்கு. இன்னொண்ணு வந்தா என்னால காப்பாத்த முடியாது.'

'விதி அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்கோ' என்று தட்டி அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று ஹெட்போனை மாட்டினாள்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க," என்றது கனத்த ஆண்குரல் ஒன்று. "கேக்குறது நான் இல்லீங்க, எம் பொண்ணு. விதி அப்படித்தான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். அப்ப எனக்குக் கணக்கே வேணாம்னு புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சுட்டா."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "அப்பா, அந்த மிஸ்ஸுக்கும் தெரியலையா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன் என்று வாயைத் திறந்தாள். ஒட்டிய பதில்களைத் தவிர வேறெதுவும் நாக்குக்கு வரவில்லை. ஏன் என்று இவள் யாரிடமும் கேட்டதில்லை, மனப்பாடம் பண்ணியவள்தான். எரிச்சல் இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பாப்பா, எழுந்து நில்லு. ஜன்னல் பக்கம் ப்ளஸ், அதுக்கு எதிர்ப்பக்கம் மைனஸ். மைனஸைப் பாத்துத் திரும்பிட்டியா?"

"ம்."

"மூஞ்சி அங்கேயே இருக்கட்டும். இப்ப பின்னாடி நட. அதுவும் மைனஸ்தான்."

சரியாக வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னலுக்கு எதிரே இருந்த கதவைப் பார்த்தபடி தானும் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினாள். காதுக்குள் குட்டிக் கால்களின் சத்தம். அதன் பின்னாலேயே கனத்த கால்கள். எதுவோ உருண்டு விழுந்தது. "பாத்துப்பா!" என்று கத்திச் சிரித்தது சிறுமியின் குரல்.

டீச்சரின் முதுகில் ஜன்னல் கம்பி சில்லென்று பட்டது. அங்கிருந்து பார்க்கையில் திரையில் சிவப்பாக ஏதேதோ வந்து வந்து விழுந்துகொண்டிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.